எனக்குக் கழுகுக் கண்ணு

போன சனிக்கிழமை ஒரே ஒரு வேலைதான். கிள்ளான்லேர்ந்து பிரிக்பீல்ட்ஸ் போயி, ஆறு வயசு மக தாரணிக்குக் கண்ணாடி எடுக்கணும்.

என் மனைவி கவிதா காடிய டபுள் பார்க்கிங்ல போட்டு, டபுள் சிக்னலத் தட்டிவிட்டு, "சீக்கிரம் வாங்க, போலீஸ்காரன் சம்மன் வச்சிருவான்"னா. நானும் மகளும் மாடியில இருந்த கண்ணாடிக் கடைக்குப் போனோம்.

கண்ணு செக் பண்ற பொண்ணு விளக்குச்சு. "வலது கண்ணு நல்லாருக்கு அண்ணே. இடதுலதான் பவர் ரொம்ப அதிகம். நல்ல கண்ணே எல்லாத்தையும் பாத்துக்குது, இது சோம்பேறியாயிடுச்சு. கண்ணாடி போட்டு, தினம் ரெண்டு மணி நேரம் நல்ல கண்ணுல பட்டை ஒட்டி மூடணும். இப்ப விட்டா பார்வை வராது."

தாரணி மூஞ்சத் திருப்பிக்கிட்டா. "மாட்டேன்."

கெஞ்சினேன். ஐஸ்கிரீம் வரைக்கும் இறங்கி வந்தேன். கடைசியில, "அப்பா போட்டா நானும் போடுறேன்"னா.

இவ்ளோதானா? என் வலது கண்ணுலயும் ஒரு பட்டைய ஒட்டிக்கிட்டேன். கடையே கலங்கலா தெரிஞ்சுச்சு. புதுசுல அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன்.

கீழ சிக்னல் மினுக்கிட்டு ஒரு வெள்ளை மைவி காடி, எங்களுது மாதிரியே. தாரணி பின்னாடி வர்றதுக்குள்ள ஏறி உக்காந்தேன். டிரைவர் சீட்டு வலது பக்கம், மூடின கண்ணும் வலது பக்கம். கல்யாணமாகி பத்து வருஷம், திரும்பிப் பாக்கணும்னு தோணல.

"கேளு கவி, இது உங்கம்மா வீட்டுக் கண்ணு. எங்க பக்கம் யாருக்கும் இப்படி இல்ல. எனக்கெல்லாம் கழுகுக் கண்ணு."

பதில் இல்ல. வாயடைச்சுப் போயிட்டான்னு சந்தோஷமா இன்னும் நாலு வார்த்தை சேத்து விட்டேன்.

"தம்பி, எங்கம்மா போய்ச் சேந்து இருவது வருஷமாச்சு. அவங்க கண்ணுக்கு என்ன கொறையக் கண்டீங்க?"

பட்டையப் பிச்சிட்டுத் திரும்பினேன். கையில பாதி கடிச்ச கறிபாப் பலகாரத்தோட யாரோ ஒரு ஆன்டி!

ஜன்னல்ல டொக்டொக். பட்டை போட்ட தாரணி வெளிய நிக்கிறா. "அப்பா, நம்ம காடி பின்னாடி லா."

விஷயத்தைக் கேட்ட கவிதா என்னைய மறுபடியும் மாடிக்கு அனுப்பினா.

செக் பண்ண பொண்ணு சிரிப்ப அடக்கிக்கிட்டுச் சொல்லுச்சு. "மகளுக்கு உள்ளதுதான் அண்ணே உங்களுக்கும். சின்னதுல பாத்திருந்தா சரி பண்ணிருக்கலாம். இனிமே கஷ்டம்."

நெஜமாவே வருத்தமாயிடுச்சு. நாப்பது வருஷமா ஒத்தக் கண்ணுல ஓட்டிட்டு, அதுலயும் என்னா வாய்!

இப்பல்லாம் தாரணி அவளாவே பட்டைய ஒட்டிக்கிறா. "அப்பா மாதிரி ஆயிடக் கூடாதுல்ல"ங்கிறா. அதுக்கு ஐஸ்கிரீம் கூட வேண்டாமாம்.

ஐஸ்கிரீம் கேக்கிறது, என் மாமியார்கிட்ட இத சொல்லாம இருக்கிறதுக்கு.