தவளைக் காரின் பச்சை

கிளிநொச்சியில் பொலிசுக்குப் பயப்படாதவர்கள் இருந்தார்கள், சாமிக்குப் பயப்படாதவர்களும் இருந்தார்கள். ஒறிஜினல் அண்ணைக்குப் பயப்படாத என்ஜின் மட்டும் ஒன்றுகூட இருக்கவில்லை. செத்துப்போன தண்ணீர்ப் பம்பை அவருடைய கராச் வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனாலே அது இருமத் தொடங்கிவிடும். நான் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைத்தால் வட்டக்கச்சியில் யாரையாவது கேட்டுப் பாருங்கள். அவர்கள் இன்னும் கூட்டிச் சொல்வார்கள்.

எழுபதுகளின் கடைசியில் அவருக்கு இருந்தது ஒரே ஒரு வேதம். எந்த என்ஜினும் பிறக்கும்போது ஒரு நிறத்தோடு பிறக்கிறது, அதை மாற்ற எவனுக்கும் உரிமை இல்லை. ஊர் அவருக்கு ஒறிஜினல் என்று பெயர் வைத்ததும் அதனால்தான். அக்கராயன் கமக்காரர் ஒருவர், ஜன்னலுக்கு அடித்து மிஞ்சிய நீலத்தைத் தன் வயல் பம்புக்குப் பூசிக்கொண்டு வந்தார். அண்ணை திருத்துவதற்கு முன் அரைநாள் இருந்து சுரண்டினார். தண்ணீர் இறைத்தால் போதாதா என்று அந்த மனிதர் கெஞ்சினார்.

"இறைக்கும். ஆனா தான் ஆரெண்டு அதுக்கே தெரியாதே" என்றார் அண்ணை.

அவருடைய சொந்த வீட்டுச் சுவர் சுண்ணாம்பைக் கண்டு ஆறு வருஷம். அதை அவர் மனைவி போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்.

நான் அப்போது நீர்ப்பாசனக் கந்தோரில் கிளாக்கர். பூநகரி ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற அப்போதிக்கரியின் ஒரே மகளை எனக்குப் பேசி முடித்திருந்தார்கள். பெண்ணின் தகப்பனான அந்த மாமாவிடம் ஒரு பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. சீமைக்குத் திரும்பிய தோட்டத்துத் துரை ஒருவரிடம் வாங்கியது. கூரை இல்லை, இரண்டே இரண்டு இருக்கை, முன்னால் பிதுங்கிய இரண்டு லைற். ஊர் அதைத் தவளைக் கார் என்றது. தாலி கட்டியதும் மகள் அந்தக் காரில்தான் புகுந்த வீட்டுக்குப் போகவேண்டும், மாப்பிள்ளைதான் ஓட்டவேண்டும் என்பது மாமாவின் பிடிவாதம்.

கொட்டிலில் கிடந்து துருப்பிடித்த காரைப் பத்தே நாளில் ஒறிஜினல் அண்ணை ஓடவைத்துவிட்டார். ஆனால் கையில் தரவில்லை. எவனோ என்ஜினுக்கு வெள்ளி நிறம் பூசியிருந்தான். அதைச் சுரண்டோ சுரண்டென்று சுரண்டியதில், டைனமோவுக்குப் பின்னால் நகக்கண் அளவு பச்சைப் பொருக்கு ஒன்று அகப்பட்டது. அதை நெருப்புப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டு மூன்று கிழமை பச்சை கலந்தார். ஒரு ரின் பெயின்ற் கோயில் கதவுப் பச்சையாகப் போயிற்று, இன்னொன்று பாசிப் பச்சையாகப் போயிற்று. மத்தியான வெயில் பொய் சொல்லும் என்று காலை வெளிச்சத்தில் மட்டும்தான் ஒப்பிட்டுப் பார்ப்பார்.

அப்படி ஒரு காலையில் கந்தோருக்கே வந்துவிட்டார். பச்சை பூசிய இரண்டு தகரத் துண்டுகளை என் மேசையில் வைத்து எது சரி என்று கேட்டார். இரண்டும் ஒன்றுதானே என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தகரங்களைப் பொறுக்கிக்கொண்டு போனார்.

போகிற வழியெல்லாம், உந்தக் கண்ணுள்ள பொடியனுக்கு அப்போதிக்கரி ஏன் பெட்டையைக் குடுக்கிறார் என்று விளங்கவில்லை என்று சொல்லிக்கொண்டே போயிருக்கிறார். கதை பரந்தனைத் தாண்டும்போது மாப்பிள்ளைக்கு நிறம் தெரியாது. பூநகரியில் பஸ்ஸால் இறங்கும்போது மாப்பிள்ளைக்குக் கண்ணே தெரியாது. மாமியின் தமையன் வந்து, சுவரில் தொங்கிய கலண்டரில் அம்மனின் சேலை என்ன நிறம் என்று என்னிடம் கேட்டார். சிவப்பு என்றேன். சரியாகத்தான் சொன்னேன். ஆனாலும் "கலியாணத்தைக் கொஞ்சம் தள்ளிப் பாப்பம்" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் பக்கத்தில் தள்ளிப் பார்த்த கலியாணம் எதுவும் திரும்பி வந்ததில்லை. பெண்ணைக் கோயிலில் ஒரே ஒரு தரம்தான் கண்டிருந்தேன். ஆனால் அவளை எனக்கு நன்றாகப் பிடித்துப்போயிருந்தது.

கராச்சுக்குப் போய், சொன்னதைத் திருப்பி எடுங்கோ என்றேன்.

"சொன்னது சொன்னதுதான் தம்பி. பொய் சொல்லியே கலியாணம் கட்டப் போறீர்?"

வந்த கோபத்தில் நெருப்புப்பெட்டியைப் பறித்தேன். அது திறந்துகொள்ள, பொருக்கு போய் நட்டுக் கழுவுகிற பெற்றோல் தட்டுக்குள் விழுந்தது. அண்ணை பெற்ற பிள்ளை கிணற்றுக்குள் விழுந்ததுபோலப் பதறினார். நான் பயந்துபோய் அதை எடுத்துச் சீலைத் துண்டால் துடைத்தேன். துடைக்கத் துடைக்க நிறம் வெளுத்துக்கொண்டு வந்தது.

"அண்ணை, நீங்கள் பாத்தது எண்ணெய் குடிச்ச பச்சை. இஞ்ச பாருங்கோ, உள்ளுக்கு வேற பச்சை."

அவர் வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு ரயர் ஒன்றின் மேல் மெல்ல உட்கார்ந்தார்.

"அப்ப நான் மூண்டு கிழமையா ஊத்தையைத்தான் கலந்தனான்."

மறுநாள் கராச்சைப் பூட்டிவிட்டு, இருபது மைல் சைக்கிள் மிதித்துப் பூநகரிக்குப் போனார். வீட்டுக்குள் வந்து இருக்கச் சொன்னார்களாம், அவர் இருக்கவில்லை. முற்றத்தில் நின்றபடியே எல்லோருக்கும் கேட்க, "பிழை விட்டது நான். மாப்பிளையின்ர கண் என்ர கண்ணிலும் திறம்" என்றாராம். மாமா தலையாட்டும்வரை தண்ணீர்கூட வாங்கவில்லையாம். கறிக்கு உப்புக் கூடினதைக்கூட அந்த மனிதன் ஒருநாளும் பிழை என்று ஒப்புக்கொண்டதில்லை என்று அவர் மனைவி பிறகு எனக்குச் சொன்னார்.

கலியாணம் குறித்த நாளிலேயே நடந்தது. தாலி கட்டி முடிந்து, தலைப்பாகையோடு நான் ஓட்டுகிற பக்கம் ஏறப்போன நேரம், ஒறிஜினல் அண்ணை சனத்தை விலக்கிக்கொண்டு வந்து என்ஜினை மூடியிருந்த காரின் முன்பக்கம் முழுவதையும் மேலே திறந்து தூக்கினார். வாழ்நாளில் எவரிடமும் அபிப்பிராயம் கேட்டறியாத மனிதர், என் முகத்தைப் பார்த்துச் சின்னக் குரலில் "சரியோ தம்பி?" என்றார்.

என் கண் கலங்கியிருந்தது. உள்ளே எந்தப் பச்சையும் எனக்குத் தெரியவில்லை. "அச்சொட்டாச் சரி அண்ணை" என்றேன்.