முதல் ரீல் தீர்க்கதரிசி

முதல் ரீல் தீர்க்கதரிசி என்று ஒரு ரகம் மனிதர் உண்டு. கூடாரக் கொட்டகை எங்கே எழும்புகிறதோ அங்கே இவரும் முளைத்துவிடுவார். கொல்லங்கோட்டுத் திடலில் வெள்ளைக்காரக் குதிரைப் படம் என்று தமுக்குச் சத்தம் கேட்டால் போதும். மீனாட்சிபுரத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து, பெஞ்சில் நடு இடம் பிடித்து, வெற்றிலையை மடித்து வாயில் அடக்கி, திரையில் வெளிச்சம் விழுந்த மறுகணமே தீர்ப்பைத் தொடங்குவார். ஊமைப்படக் காலம், படம் பேசாது. அந்தக் குறையை இவர் தீர்த்துவைப்பார்.

"பொட்டக்காடு தெரியுதுங்களா? தூரத்துல ஒரு புள்ளி வருதுங்களா? தனியா வர்றவன் யோக்கியனுங்க. வெள்ளைத் தொப்பி நல்லவன், கறுப்புத் தொப்பி கெட்டவன். மூக்கு மேல துணி கட்டியிருந்தா விசாரணையே வேண்டாமுங்க!"

சாராயக்கடையின் இரட்டைக் கதவு ஆடினால் சண்டை. சீட்டாடுகிறவர்கள் கையை நிறுத்தினால் வில்லன் நுழைகிறான். ஜன்னலில் ஒரு பெண் எட்டிப் பார்த்தால் கடைசி ரீலில் கல்யாணம். பிரம்போடு நின்று கதை சொல்லும் கொட்டகை ஆளுக்கு இவரால் வாயைத் திறக்க வழியில்லை. சரி, தீர்ப்புத் தப்பிவிட்டால்? "ஆபரேட்டர் ரீலை மாத்திப் போட்டுட்டானுங்க" என்பார்.

இந்தக் கலை கொட்டகையோடு நின்றால் நமக்கென்ன? நிற்பதில்லையே. அந்தப் பெஞ்சில் வெற்றிலையோடு உட்கார்ந்திருந்த எங்கள் ஊர்ச் சென்னியப்பனையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆடி மாதம். கணவாய்க் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. அவருக்கு அடுத்த வீட்டுக் குப்பண்ணனின் பசு விடிந்ததிலிருந்து கன்று ஈன முடியாமல் கிடந்தது. கன்றின் ஒரு கால் மட்டும் வெளியே தெரிந்தது. அந்த வீட்டுக்கு அந்த ஒரு பசுதான். மாட்டு டாக்டருக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். புதிதாக வந்தவர், ஊரில் யாரும் பார்த்ததில்லை. "நீங்க முக்குல நின்னு கூட்டிட்டு வாங்க" என்று சென்னியப்பனை அனுப்பிவிட்டுக் குப்பண்ணன் பசுவின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

முக்கில் படம் தொடங்கியது. புழுதிக்குள் ஒரு புள்ளி. அப்புறம் குதிரை. அப்புறம் கறுப்புத் தொப்பி. மூக்கு மேல் துணி!

"ஏனுங்க, குப்பண்ணன் ஊடு எதுங்க?"

"அப்படி யாரும் இங்க இல்லீங்க."

மாடு திருட வந்தவனை விரட்டிவிட்டோம் என்ற பெருமையில், தனியாக வருகிறவன் யோக்கியன் என்ற தம் சட்டம் அவருக்கு மறந்தே போயிற்று. அடுத்து சைக்கிளில் ஒரு வெள்ளைத் தொப்பி. கையில் பெட்டி, முகமெல்லாம் சிரிப்பு. யார், என்ன என்று ஒரு கேள்வியாவது கேட்கவேண்டுமே, இல்லை! பெட்டியைத் தாமே சுமந்து, தொழுவம் வரை கூட்டி வந்துவிட்டார். வந்தவர் பெட்டியைத் திறந்தார். நூல்கண்டு, ஊசி, படம் போட்ட விலைப்பட்டியல். தையல் மிஷின் ஏஜெண்டு.

குப்பண்ணன் மனைவி கமலாத்தாள் சென்னியப்பனை முறைத்தாள். "ஏனுங்ணா, மாட்டுக்கு ரவிக்கை தைக்கவா கூட்டிட்டு வந்தீங்க? டாக்டரு குதிரையில கிளம்பிட்டாருன்னு சொல்லப் போன ஆளு இப்பத்தான் வந்து சொன்னானுங்க. குதிரையில யாரும் வரலீங்களா?"

"வந்தாருங்க... மூஞ்சியில துணி கட்டியிருந்தாருங்க..."

"இந்தப் புழுதியில நீங்களுந்தான் கட்டியிருக்கீங்க!"

சென்னியப்பன் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். துண்டு இருந்தது.

அப்புறம் அவர் ஓடிய ஓட்டத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். எதிர்க்காற்றில் ஒன்றரை மைல். செருப்பு ஒரு பக்கம், துண்டு ஒரு பக்கம். குளத்தங்கரையில் குதிரை தண்ணீர் குடிக்க நின்றதால் பசு பிழைத்தது. கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு அழுதே கூட்டி வந்தார். டாக்டர் கையை உள்ளே விட்டு, மடங்கியிருந்த காலை நிமிர்த்திக் கயிறு மாட்டினார். உள்ளங்கை தோலுரியும்வரை அதை இழுத்தவர் சென்னியப்பன். கிடேரிக் கன்று. தாய் நக்கத் தொடங்கியதும் குப்பண்ணன் தேம்பித் தேம்பி அழுதார்.

சென்னியப்பன் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "ஆளு நல்லவருன்னு அப்பவே தெரியுமுங்க. ரீல்தான் மாறிப்போச்சு."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் அவர் வெற்றிலையோடு பெஞ்சில் உட்கார்ந்தபோதே, இந்த ஆள் எதற்கும் உதவமாட்டான் என்று நீங்கள் தீர்ப்பு எழுதிவிடவில்லையா? அவர் தலையில் கறுப்புத் தொப்பியைக் கவிழ்த்தது யார்? நாளைக்கு உங்கள் வாசலில் ஒருவன் முகத்தில் துணியோடு வந்து நின்றால், முதலில் உங்கள் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.