எரித்த பிறகு எடுத்த போட்டோ

ஊர் சுற்றுகிறவன் கையில் கேமராவைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால், சுற்றுவதற்குத் தொழில் என்று பெயர் வைத்துவிடுவான். நான் வைத்தேன்.

சுதந்திரம் வந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். சுசீந்திரத்தில் ஒரு ஸ்டூடியோ வைத்திருந்தேன். (ஸ்டூடியோ என்றது நான். ஊர்க்காரர்களுக்கு அது தட்டி வைத்து அடைத்த தொழுவம்.) தலையில் வெள்ளைக்காரத் தொப்பி உண்டு, தொப்பிக்கு அடியில் ஒன்றும் கிடையாது. பேசுவதெல்லாம் ஜெர்மனி, ஜப்பான். போய்வந்த தூரதேசம் திருவனந்தபுரம். அங்கேயும் வயிற்றுப்போக்கு வந்து மறுநாளே திரும்பிவிட்டேன். வாரத்தில் பாதி நாள் ஸ்டூடியோ பூட்டியே கிடக்கும். முட்டத்தில் அலையை எடுக்கப் போயிருப்பேன், இல்லாவிட்டால் மலையை எடுக்கப் போயிருப்பேன். உள்ளூர் மூஞ்சிகளை எடுப்பது என் தகுதிக்குக் குறைவு என்று ஒரு கொள்கை. அந்த மூஞ்சிகள்தான் எனக்குச் சோறு போட்டன என்பது கொள்கையில் சேரவில்லை.

ஒரு நாள் காலையில் தேரூரிலிருந்து சிவதாணு பிள்ளை வந்தார். அடர்ந்த மீசை, அதைவிட அடர்ந்த குரல். அவருடைய அண்ணன் ஆறுமுகம் பிள்ளை படுக்கையில் கிடந்தார்.

"வே போட்டாக்காரரே, அண்ணனுக்கு ஒரு படம்கூடக் கெடையாது. வைத்தியன் கைய விரிச்சாச்சு. இன்னைக்கே எடுக்கணும்னு மைனி சொல்லுகா. வாரும்."

நான் கீரிப்பாறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். மலையில் பனிமூட்டமாய் மஞ்சு இறங்குகிறது என்று கேள்வி.

"மஞ்சு நமக்காகக் காத்திருக்காது அண்ணாச்சி. நாளைக்கழிச்சு வாறேன்."

"மஞ்சு காத்திருக்காது, எனக்க அண்ணன் காத்திருப்பானோ?"

"ரெண்டு நாள்ல ஒண்ணும் ஆவாது" என்றேன். வைத்தியனுக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்திருந்தது.

அழகியபாண்டிபுரம் வரை பஸ். அதற்கப்புறம் நடை. மழை பிடித்துக்கொண்டது. அட்டைகள் என் கால்களில் தேர்த் திருவிழா கொண்டாடின. ஆனாலும் கலைஞன் விடவில்லை. கையிலிருந்த போட்டோத் தகடுகள் தீரும் மட்டும் எடுத்தேன். திரும்பி வந்து கழுவிப் படம் போட்டால் ஒரே வெள்ளை. எட்டிப் பார்த்த பால்காரர், "தண்ணி கலக்காத பாலு" என்று பாராட்டிவிட்டுப் போனார்.

தேரூருக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆறுமுகம் பிள்ளையின் சாம்பல் கன்னியாகுமரிக் கடலில் கரைந்திருந்தது.

அவருடைய மனைவி பகவதியம்மை என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"கண்ண மூடினா அவிய மொகம் வரமாட்டேங்குய்யா" என்றாள். "கடைசியில வத்திப்போய்க் கெடந்த கோலம்தான் வருகு. நல்லா இருந்தப்பம் எப்படி இருந்தாவன்னே மறந்துபோச்சு."

தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். அதற்கு மேல் எனக்கு மரியாதை தெரியாது.

அப்போது கிணற்றடியிலிருந்து சிவதாணு பிள்ளை வந்தார். அண்ணனுக்குப் பிள்ளைகள் இல்லாததால் கொள்ளி வைத்தது அவர்தான். தலையும் மீசையும் மழித்திருந்தது. பகவதியம்மை ஒரு நிமிஷம் அவரையே பார்த்தாள்.

"தம்பி, மொட்ட போட்ட பொறவு நீ அவியள அச்சுல வாத்தாப்ல இருக்க. அவிய ஜிப்பாவப் போட்டுட்டு அந்தக் கசேரியில இரி."

"மைனி, நான் உசுரோட இருக்கேன்!"

"அதனாலதான் இரின்னு சொல்லுகேன்."

தொப்பி மறுபடி ஏறியது, என் தலையும் உடனே பழையபடி ஆகிவிட்டது. முற்றத்தில் நாற்காலியைப் போடச் சொன்னேன். நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் ருத்திராட்சம். ஒரு மாலையும் போட்டால் எடுப்பாக இருக்கும் என்றேன். (என்னிடம் யாரும் கேட்கவில்லை.) மேகமூட்டமாக இருந்ததால் லென்ஸ் மூடியைக் கொஞ்ச நேரம் திறந்தே வைக்க வேண்டும்.

"அனங்கப்பிடாது. கண்ணச் சிமிட்டப்பிடாது. செத்த மாதிரியே இரிக்கணும்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையைப் படமெடுத்திருக்க வேண்டும். ஆனாலும் அசையாமல் உட்கார்ந்தார். கேமராவுக்குப் பின்னால் தலையோடு போர்த்திக்கொள்ளும் கறுப்புத் துணி தொப்பிக்கு மேலேயே கிடக்க, நான் வெளியே வந்து கம்பீரமாக மூடியைக் கழற்றினேன்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒப்பாரி கேட்டது. சேதி தாமதமாகக் கிடைத்து, குலசேகரத்திலிருந்து அண்ணன் தம்பி இருவருக்கும் மூத்த அக்காள் துட்டி கேட்க வந்திருந்தாள். கூட இரண்டு பெண்கள்.

"ஏ எனக்கப் பொறப்பே! ஒரு நோக்குக் காணாமப் போனியே!" என்று மாரில் அடித்துக்கொண்டு உள்ளே வந்தவள் தலையை நிமிர்த்தினாள். பொறப்பு, மாலை போட்டுக்கொண்டு நாற்காலியில் இருந்தது. அனங்கக் கூடாது என்று நான் சொல்லியிருந்ததால் சிவதாணு பிள்ளை கண்ணை மட்டும் அவள் பக்கம் உருட்டினார்.

"அய்யோ, இருக்கானே!"

"பக்கத்துல எமனும் நிக்கான்!" என்று இன்னொருத்தி அலறினாள். அது நான்.

அக்காள் சரிந்து விழுந்தாள். "யக்கா, நான் சிவதாணு" என்று அவர் எழுந்து ஓடிக் குனிந்தார். கண் திறந்தவள் மொட்டைத் தலையையும் மாலையையும் பக்கத்தில் பார்த்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். பயத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம், லென்ஸ் மூடியை மாட்டியது. அதற்குள் எமனைக் கண்டுபிடித்தவள் சுவரோரம் கிடந்த, முற்றம் பெருக்கும் வாரியலை எடுத்துவிட்டாள். தென்னை ஈர்க்கு வாரியல். முதுகில் பட்டவர்களுக்குத் தெரியும். முற்றத்தைச் சுற்றி ஓடினேன். தொப்பி மாட்டுக்கு வைத்த கழனித் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது.

"எம்மா, நான் போட்டாக்காரன்!" என்று கத்தினேன்.

வாரியல் நின்றது. "மைனி, எமன் இல்லியா?"

பகவதியம்மை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இல்ல, போட்டாக்காரன்தான். கூட ரெண்டு போடு. எமன் சொன்ன நேரத்துக்கு வந்தான். இவன்தான் வரல."

கூட ரெண்டு விழுந்தது. நியாயமான அடி.

தகட்டைக் கழுவிப் பார்த்தபோது ஊரைவிட்டே போய்விடலாமா என்று தோன்றியது. பாதியில் எழுந்து ஓடிவிட்டதால் ஆள் புகை மாதிரி விழுந்திருந்தார். ஜிப்பாவுக்குள் நாற்காலியின் கம்பிகள் தெரிந்தன. நாற்காலியிலிருந்து ஆவி கிளம்புவது போலிருந்தது. வேறு வழியில்லாமல் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாரியல் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொண்டேன்.

பகவதியம்மை படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"அவியளேதான்" என்றாள். "சோத்துக்கு முன்னால கூட ஒரு எடத்துல இருக்க மாட்டாவ. இலை போடதுக்குள்ள வயலுக்கு எழும்பிருவாவ." கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே கொண்டுபோய் மாட்டிவிட்டாள்.

சிவதாணு பிள்ளை முன்னிலும் பெரிதாக மீசை வளர்த்தார். இருந்தும் பிரயோஜனமில்லை. ஒவ்வொரு வருஷமும் அண்ணன் திதிக்கு அந்தப் படத்துக்கு அவர்தான் மாலை போட வேண்டும். "ஊருலகத்துல தனக்குத் தானே திதி குடுக்கவன் நான் ஒருத்தன்தான் வே" என்று என்னைக் காணும்போதெல்லாம் சொல்லுவார். சாகும்வரை சொன்னார்.

பின்னால் எனக்குக் கல்யாணமாகி, காசிவரைக்கும் உண்மையிலேயே போய்வந்தேன். ஆனால் இன்றைக்கும் பையைத் தூக்கினால் என் மனைவி அடுக்களையிலிருந்து குரல் கொடுப்பாள்: "தெருவுல யாருக்காவது உசுரு இழுத்துக்கிட்டுக் கெடக்கான்னு கேட்டுட்டுப் போங்க."

பேரப்பிள்ளைகள் சிரிக்கும். நான் கேட்டுவிட்டுத்தான் போகிறேன்.