ஜன்னல் நிபுணர்

பல்கலைக்கழகத்தில் நிரந்தரப் பணி தகுதியுள்ளவர்களுக்கு மட்டுமே வழங்கப்படும். தகுதி உண்டா இல்லையா என்பதை அதே துறையின் நிபுணர் ஒருவர் சொல்ல வேண்டும். விதியில் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் விண்ணப்பித்திருந்த ஓர் அம்மாளிடம்தான். அவர் ஜன்னல்களை ஆராய்ந்தார்: ஓவியத்தில் வரைந்த ஜன்னல், நாவலில் எழுதிய ஜன்னல், வீட்டில் வைத்த ஜன்னல். மூன்று துறைகளிலும் பாடம் நடத்தித் தலை நரைத்தும் இன்னும் தற்காலிகம்தான். இந்த முறை தவறினால் வயது வரம்பு தாண்டிவிடும்.

"நல்லா எழுதுறாங்க. அதனால எங்க ஆள் இல்ல" என்றார் ஓவியத் துறைத் தலைவர்.

"எழுத்தா அது? வீடு கட்டுற கணக்கு மாதிரில்ல இருக்கு!" என்றார் இலக்கியத் துறைத் தலைவர்.

"கட்டடமா? அவங்க படம் போடுறவங்க ஆச்சே" என்று கட்டடக்கலைத் தலைவரும் கைகழுவினார்.

பதிவாளர் உலகமெல்லாம் சல்லடை போட்டுத் தேடினார். மூன்றும் தெரிந்த நிபுணர் ஒரே ஒருவர்தான் அகப்பட்டார். அது அந்த அம்மாளேதான்.

"என்னை நானே எப்படி சார் கேள்வி கேக்குறது?"

"நிபுணர் இல்லாம கூட்டம் நடக்காது. கூட்டம் நடக்காட்டி வேலை இல்ல. பாரபட்சம் காட்டாம நடந்துக்குங்க, அது போதும்."

நேர்காணல் அறையில் விண்ணப்பதாரருக்கு ஒரு மர நாற்காலி. நிபுணருக்கு மின்விசிறிக்குக் கீழே மெத்தை நாற்காலி. மெத்தையில் உட்கார்ந்ததுமே அம்மாளின் குரலில் ஒரு கனம் ஏறிவிட்டது. அது அந்த நாற்காலியின் குணம். உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

"ஜன்னலை மட்டும் வச்சு ஒரு வீட்டைப் புரிஞ்சுக்க முடியுமா?" என்று கேட்டுவிட்டு, எழுந்து மர நாற்காலிக்கு ஓடினார்.

"முடியும்னு நினைக்கிறேங்க."

மறுபடியும் மெத்தை. "நினைக்கிறீங்களா, தெரியுமா?"

மர நாற்காலிக்குத் திரும்பியபோது மூச்சுதான் வாங்கியது. பார்க்கவே பாவமாக இருந்தது.

மூன்று தலைவர்களும் முதல்முறையாக ஒருமனப்பட்டார்கள். "நிபுணர் பிரமாதம்! விண்ணப்பதாரர் அவங்க கால் தூசிக்குக்கூட வர மாட்டார்."

"அப்ப நிபுணரையே போட்டுடலாமே?" என்றார் பதிவாளர்.

"எப்படிப் போடுறது? அவங்க விண்ணப்பிக்கலையே!"

"நீங்க என்ன சொல்றீங்க, மேடம்?"

அம்மாள் மெத்தையில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "உழைப்பு இருக்கு. ஆழம் பத்தாது" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே தங்கை காத்திருந்தாள்.

"என்னக்கா ஆச்சு?"

"போச்சுடி. நிபுணர் ஒத்துக்கல."

"நாசமாப் போக! யாருக்கா அந்தப் பாவி?"

அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "வாயை அளந்து பேசு. மேதைடி அவங்க! அடுத்த வருஷமும் அவங்களைத்தான் கூப்பிடப் போறாங்களாம்."