கறிவேப்பிலைக்குச் சீரியஸ்

லண்டனில் வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு உறைபனிக் காலத்தில் பெரிதாக வேலை கிடையாது. பூச்சாடிகளை உள்ளே எடுக்க வேண்டும். எடுக்க முடியாதவற்றுக்குச் சாக்கைச் சுற்றிக் கட்ட வேண்டும். பின்வளவுத் தண்ணீர்க் குழாயை அடைக்க வேண்டும். அதற்குப் பிறகு தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு யன்னலால் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். இந்தக் கடைசி வேலைதான் பலருக்கு வராது. எனக்கு வரவே வராது. வேலைக்குப் போகப் பஸ்ஸில் ஏறியவன், அடுப்பை நிறுத்தினேனா என்று பார்க்க அடுத்த தரிப்பிலேயே இறங்கி ஓடிவருவேன். (அன்று அடுப்பே மூட்டியிருக்க மாட்டோம்.)

அப்படிப்பட்டவனிடம்தான் என் அக்கா தன் கறிவேப்பிலை மரத்தைத் தந்துவிட்டுக் கனடாவுக்குப் போனார்.

அது சும்மா மரமல்ல. அக்காவும் அத்தானும் முதலில் ஜேர்மனியில் இருந்தவர்கள். மகள் மதி பிறந்த வருடம், யாரோ கொடுத்த விதையை அக்கா ஒரு தயிர்க் கோப்பையில் ஊன்றி முளைக்க வைத்தார். மதியும் மரமும் ஒன்றாக வளர்ந்தார்கள். பிறகு குடும்பத்தோடு லண்டனுக்கு வந்தபோது, வான் வண்டியின் முன் சீற்றில் மரம் பெல்ற் போட்டுக்கொண்டு வந்தது. அத்தான் பின்னால் சட்டி பானைகளோடு இருந்து வந்தார். அதைப் பற்றி அவர் இன்றுவரை அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இப்போது மதி ரொறன்ரோவில் பிள்ளைப்பேறுக்கு இருந்தாள். அக்காவும் அத்தானும் சில மாதங்கள் அங்கே நிற்கப் போகிறார்கள். ஃபாரஸ்ட் கேட் பகுதியில் அவர்கள் பூட்டிவிட்டுப் போகும் வீட்டில் ஹீற்றர் இல்லாமல் மரம் தாங்காது என்று, தோர்ண்டன் ஹீத்தில் இருந்த எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள்.

“தண்ணி இடைக்கிடை கொஞ்சம் காணும்” என்றார் அக்கா. “வேற ஒண்டும் செய்யாத தம்பி. சும்மா விடு.”

“ஓமக்கா” என்றேன்.

சும்மா விடு என்று என்னிடம் சொன்னது, மீனைக் கரையில் கொஞ்சம் உலாவிவிட்டு வரச் சொன்னது போலத்தான்.

மார்கழியில் குளிர் இறங்கியது. மரத்தை வரவேற்பறைக்குக் கொண்டுவந்து ரேடியேற்றருக்குப் பக்கத்தில் வைத்தேன். குழந்தைகளின் அறையில் மாட்டும் வெப்பமானி ஒன்றை வாங்கிக் கிளையில் கட்டினேன். இரண்டொரு நாளில் ஒரு இலை விழுந்தது. அதை எடுத்துப் பார்த்தேன், மஞ்சள். அடுத்த நாள் ஒரு கைப்பிடி விழுந்தது. அன்றிலிருந்து எனக்கு நித்திரை போய்விட்டது.

ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போனபோது, அன்னதான வரிசையில் நின்றவர்களிடம் வைத்தியம் கேட்டேன். ஒருவர் புளித்த மோர் ஊற்றச் சொன்னார். இன்னொருவர் அரிசி கழுவிய தண்ணீர் என்றார். மூன்றாமவர் பனடோல் காய்ச்சல் மாத்திரையைக் கரைத்து விட்டால் கை கண்டது என்றார். (அவர் பகிடிக்குச் சொன்னார் என்பது பிறகுதான் தெரிந்தது.) யாரையும் மனம் நோகவிடக் கூடாது என்று மூன்றையும் செய்தேன். வீடு முழுக்கப் புளித்த மணம். சாடியிலிருந்து குட்டிக் குட்டி ஈக்கள் கிளம்பி, ரிவியில் செய்தி வாசிப்பவரின் முகத்தில் மொய்த்தன. என் மனைவி சாந்தி மூக்கைப் பொத்திக்கொண்டு சமைத்தாள்.

தை பிறக்கச் சில நாள் இருக்கும்போது மரத்தில் ஒரு இலைகூட இல்லை. குடைக்கம்பி போல நின்றது. மரம் செத்துவிட்டது என்று முடிவு செய்தேன். (குளிர்நாட்டில் மரங்கள் இலையைக் கொட்டிவிட்டு நித்திரை கொள்ளும் என்பது பத்தாம் வகுப்பு விஞ்ஞானப் புத்தகத்தில் இருக்கிறதாம். நான் ஒன்பதோடு நின்றவன்.)

இனி அக்காவுக்குச் சொல்ல வேண்டும். அக்காவுக்குப் பிரெஷர். அதோடு எங்கள் ஆட்கள் இழவுச் செய்தியை ஒரேயடியாகச் சொல்வதில்லை. எங்கள் ஐயா ஊரில் காலமானபோது, எனக்கு முதல் போனில் ‘ஐயாவுக்குக் கொஞ்சம் சுகமில்லை’ என்றார்கள். இரண்டாவதில் ‘சீரியஸ்’ என்றார்கள். மூன்றாவது போன் வந்தபோது நான் அழுது முடித்துவிட்டிருந்தேன். நல்ல முறைதானே, அதையே பின்பற்றினேன்.

முதல் போனில், மரம் கொஞ்சம் வாட்டமாக நிற்கிறது, ஆனால் யோசிக்க ஒன்றுமில்லை என்றேன். மதிக்கு அன்றுதான் ஆண்பிள்ளை பிறந்திருந்தது. அக்கா பிள்ளையின் நிறத்தைப் பற்றியும் மூக்கைப் பற்றியும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

இரண்டாவது போனை எடுத்தவுடன் குரலைத் தாழ்த்தி, “அக்கா, கொஞ்சம் சீரியஸா இருக்கு. மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கோ” என்றேன்.

“ஆர்? ஆருக்கு?” அக்கா கத்தினார். “சாந்திக்கோ? சொல்லடா.”

“மரத்துக்கு.”

“அறுவானே, என்ர உயிர் போய் வந்தது. மரமோ? சும்மா விடு அதை.” போன் வைக்கப்பட்டது.

பாவம் அக்கா, விளங்கிக்கொண்டுவிட்டார், கைவிடச் சொல்கிறார் என்று நினைத்தேன். கண் கலங்கிவிட்டது.

பொங்கலுக்கு முதல்நாள் சாந்தி சொன்னாள்: “இஞ்சேருங்கோ, பட்ட மரத்தை நடுவீட்டுக்குள்ள வச்சுக்கொண்டு நாளைக்கு என்னெண்டு பொங்குறது?” அதுவும் நியாயம்தான். சாடியோடு தூக்கிக்கொண்டுபோய்ப் பின்வளவு வேலி ஓரமாக வைத்தேன். மரியாதைக்காக ஒரு நிமிடம் பக்கத்தில் நின்றுவிட்டு, குளிர் தாங்காமல் உள்ளே ஓடிவந்தேன். இரவில் பனி இறங்கியது. அடுத்த இரவும் இறங்கியது. பக்கத்து வீட்டுக் கிழவரின் மீன்தொட்டி கல்லாக இறுகிப்போனது.

மூன்றாவது போனை அன்றே எடுத்திருக்கலாம். ஆனால் பொங்கலும் அதுவுமாக இழவு சொல்லலாமா? மறுநாள் பட்டிப்பொங்கல். அதற்கு அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமையில் யாரும் கெட்ட செய்தி சொல்வார்களா? கலண்டரைப் பார்த்தால் சனிக்கிழமை அட்டமி. ஒவ்வொரு நாளும் காலையில் யன்னலால் மரத்தைப் பார்ப்பேன், கலண்டரைப் பார்ப்பேன், பிறகு போனைக் கீழே வைப்பேன். ஒரு வழியாக ஞாயிற்றுக்கிழமை நல்ல நேரம் பார்த்து எடுத்தேன்.

“அக்கா, மரம் போயிட்டுது.”

“போயிட்டுது எண்டால்?”

“இலை முழுக்கக் கொட்டிப்போச்சு. ஒண்டுகூட இல்லை.”

“அட மடையா, அது ஒவ்வொரு மாரியும் கொட்டுறதுதானே. மொட்டையாத்தான் நிக்கும். பங்குனியில திருப்பிக் குருத்து விடும்.” அக்கா சிரித்தார். உண்மையாகவே சிரித்தார். “இதையோ இவ்வளவு நாளும் இழுத்து இழுத்துச் சொன்னனி? சரி, இப்ப எங்க நிக்குது?”

யன்னலுக்கு வெளியே பார்த்தேன். கிளைகளெல்லாம் வெள்ளையாக, உப்பில் புரட்டியெடுத்தது போல நின்றது.

“வெளியில” என்றேன்.

“வெளியில எண்டால்? எத்தினை நாளா?”

“பொங்கலுக்கு முதல்நாள் வச்சனான்.”

பின்னால் குழந்தை அழும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக, “பரவாயில்லைத் தம்பி, போனை வை” என்றார்.

செருப்பும் போடாமல் வெளியே ஓடினேன். சாடி மண் இரும்பாக இறுகிக் கிடந்தது. உள்ளே தூக்கிவந்து, சுடுதண்ணீர்ப் பையைச் சாடிக்கு அணைத்து வைத்தேன். என் குளிர்போர்வையைச் சுற்றினேன். சாந்தியின் தலைமயிர் காயவைக்கும் மெசினை எடுத்து அடிமரத்துக்குச் சூடுகாட்டினேன். ஐயாவுக்குக்கூட நான் அவ்வளவு பணிவிடை செய்ததில்லை. பங்குனி வந்தது, சித்திரையும் வந்தது. பக்கத்து வீட்டுக் கிழவரின் செடிகளெல்லாம் சாக்கைக் கழற்றிக்கொண்டு துளிர்த்தன. எங்கள் வரவேற்பறையில் போர்வைக்குள் ஒரு கம்பு நின்றது.

அக்கா திரும்பி வந்து, தோள்பையைக்கூட இறக்காமல் மரத்தடியில் குனிந்தார். பெருவிரல் நகத்தால் நுனிக்கிளையைச் சுரண்டினார், மண்ணிறம். நடுவில் சுரண்டினார். அடியில் சுரண்டினார். ஒரு இடத்திலாவது பச்சை தெரியாதா என்று நான் எல்லாக் கடவுளையும் கூப்பிட்டேன். அவர் நிமிர்ந்து கையைச் சீலையில் துடைத்தார். ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“முதல் போனிலயே இலை கொட்டினதெண்டு சொல்லியிருக்கலாமே, தம்பி.”

வேறு எதுவும் அவர் சொன்னதில்லை. பிறகு அவர் இன்னொரு மரம் வைக்கவுமில்லை. நான் ஒரு கன்று வாங்கித் தரட்டோ என்று கேட்டபோது, கடையில் பைக்கற்றில் விற்கிறதுதானே என்றார். அந்தப் பைக்கற்றை அவர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் பார்க்கும் போதெல்லாம் மறுபக்கம் திரும்பிக்கொள்வேன்.

அத்தான் மட்டும் இந்தக் கதையைக் கலியாண வீடு, சாமத்திய வீடு ஒன்றும் விடாமல் பரப்பிவிட்டார். எங்கள் குடும்பத்தில் யாராவது ஒரு விஷயத்தைச் சுற்றி வளைத்தால், “என்ன, கறிவேப்பிலைக்குச் சீரியஸோ?” என்று கேட்பார்கள். கனடாவில் வளர்கிற மதியின் மகனுக்குத் தமிழில் சரளமாக வருகிற ஒரே வசனமும் அதுதான்.

போன வருடம் ஒருநாள் பகல் அக்கா போன் எடுத்தார். வணக்கம் இல்லை, சுகம் விசாரிப்பு இல்லை.

“தம்பி, அத்தான் உயிரோட இருக்கிறார். அதை முதல்ல சொல்லிப்போட்டன். இனிக் கேள். நெஞ்சு நோவெண்டு ஆஸ்பத்திரியில மறிச்சு வச்சிருக்கினம்.”

போனைக் காதில் வைத்தபடியே சப்பாத்தைத் தேடத் தொடங்கினேன்.

“அக்கா,” என்றேன், “இது முதலாவது போனோ?”

மறுமுனையில் யாரோ போனை வாங்கும் சத்தம் கேட்டது. பிறகு அத்தானின் குரல், வாய் நிறைய எதையோ மென்றுகொண்டு:

“மச்சான், மூண்டாவது போனும் நானே எடுக்கிறன். நீர் அட்டமி நவமி பார்க்காமல் வந்து என்னைப் பாரும்.”