எட்டாவது ஸ்லைடு

எட்டாவது ஸ்லைடில் பெரியப்பா இல்லை என்பது காலை ஏழு மணிக்குள் தெரிந்துவிட்டது.

"உங்கொப்பனைப் போட்டிருக்கற, என்னைய உட்டுட்டயே அம்மிணி?" என்றார் பெரியப்பா சின்னண்ணன், மடிக்கணினியை எட்டிப் பார்த்தபடி.

"அது 'எங்கள் குழு'ங்கற பக்கமுங்க பெரியப்பா. மொதப் பொட்டிய அப்பா கோழி செட்டுலதான் மாட்டிப் பாத்தேன். அதனால அவரு ஆலோசகர்."

"ஏன், எனக்கு ஆலோசனை சொல்லத் தெரியாதா?"

கோழிக் கொட்டகையில் வெப்பம் ஏறினால் உரிமையாளரின் கைப்பேசியை அலறவைக்கும் பெட்டியைப் பிரவீனா உருவாக்கியிருந்தாள். நாற்பது பெட்டிகள் பின்னறையில் காத்திருந்தன. பத்து நாளில் கோவையிலிருந்து முதலீட்டாளர் வருகிறார். அவர் மறுத்தால் பழைய சென்னை வேலைக்கே திரும்புவதாக அப்பா தனபாலுக்கு அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். ஆகவே முதலீட்டாளருக்குக் காட்டப்போகும் பன்னிரண்டு ஸ்லைடுகளையும் இரவல் நகையைப்போல் கவனமாகக் கையாண்டாள்.

பெரியப்பாவைச் சேர்த்தாள். மாலையில் அத்தாயி அத்தை வந்தார். மாமா அர்த்தநாரியை மூலையில் கிடைத்த இடத்தில் சேர்த்தாள்.

"அண்ணன் மூஞ்சி தட்டத்தளவு. எங்கூட்டுக்காரரு மூஞ்சி முட்டையளவா?"

எல்லா முகங்களையும் ஒரே அளவாக்கினாள். உடனே, யார் முதலில் என்ற கேள்வி எழுந்தது. நடுநிலைமையோடு அகர வரிசையில் அடுக்கினாள். அப்பா கடைசிக்குப் போனார். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் அம்மா சாரதாமணி மேலும் சில பெயர்களைச் சொல்லத் தொடங்கினார்.

"அம்மா, இனிமே யாரு வந்தாலும் நீயே பேசிக்க. பொட்டிய வெல குடுத்து வாங்கி, செட்டுல மாட்டுனவங்க போட்டோ மட்டுந்தான் வரும்னு சொல்லிரு. ஒருத்தரும் இந்தப் பக்கம் திரும்பமாட்டாங்க."

"அப்படியே சொல்லிப்போடறேன் கண்ணு."

மறுநாள் சாரதாமணி நான்கு படங்களோடு வந்தார். "இதையும் போட்டுரு."

அதற்கடுத்த நாள் ஒன்பது. 'இல்லை' என்ற சொல் அம்மாவின் வாயில் வராது என்பதைப் பிரவீனா அறிவாள். பெருமூச்செறிந்து கட்டங்களைச் சுருக்கினாள். பரமத்தி வேலூரிலிருந்து ஒரு மீசை வந்தது. அதற்காகவே ஒரு வரிசையை மாற்றியமைக்க வேண்டியிருந்தது. எலெக்ட்ரீசியன் குமாரசாமி ஏணியோடு வாசலில் போவதும் வருவதுமாக இருந்தார். நிமிர்ந்து பார்க்க அவளுக்கு நேரமில்லை.

பத்தாம் நாள் எட்டாவது ஸ்லைடில் நாற்பத்து மூன்று முகங்கள் இருந்தன.

முதலீட்டாளர் சுகன்யா ஏழு ஸ்லைடுகளை அமைதியாகப் பார்த்தார். எட்டாவதில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மீண்டும் பார்த்தார்.

"உங்க குழுவில இவ்வளவு பேரா?"

"சொந்தக்காரங்க மேடம். தவிர்க்க முடியலைங்க."

"பரவாயில்லை. ஸ்லைடெல்லாம் நேர்த்தியா இருக்கு. ஆனா நான் தேடறது இதுல இல்லை. இதுவரைக்கும் எத்தனை பெட்டி வித்திருக்கீங்க?"

பிரவீனாவின் கண்முன் சென்னைப் பேருந்து வந்து நின்றது.

"இன்னும் விற்பனையே ஆரம்பிக்கலைங்க மேடம்..."

கதவருகே ஏணி இடித்தது. குமாரசாமி தலையை மட்டும் உள்ளே நீட்டினார்.

"அம்மிணி, நாப்பது பொட்டியும் மாட்டி முடிச்சாச்சு. இன்னும் பதினொரு பேரு போட்டோவும் பணமுமா வாசல்ல நிக்கறாங்க, அவங்க செட்டுல எதையுங்க மாட்டறது?"