பாசி பிடித்த படியும் ஆயிரம் விசிட்டிங் கார்டும்

பெருமாள்ராஜ் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். இனி வம்பு வழக்கு எது வந்தாலும் தன் தலையில் விழக்கூடாது.

கங்கைகொண்டானில் கம்பெனி வேலைக்கு வரும் பிள்ளைகளை நம்பி ஆறு அறையில் ஒரு மாடிவீடு கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். 'ரியல் எஸ்டேட் முதலீட்டாளர்' என்று ஆயிரம் விசிட்டிங் கார்டும் அடித்தாயிற்று. முதல் கார்டை வாங்கிக்கொண்ட இன்சூரன்ஸ் ஏஜென்ட் அகமது மீரான்தான் அவருக்குப் பயம் காட்டினார்.

"அண்ணாச்சி, உங்க படியில எவனாவது வழுக்கி விழுந்தாம்னா ஓனர் மேலதான் கேஸு. ஒரு பாலிசி போட்டுருங்க."

"ஓனர் மேலதான?"

"ஆமா."

பெருமாள்ராஜின் மூளை பளிச்சென்று வேலை செய்தது. அது அப்படி வேலை செய்த ஒவ்வொரு தடவையும் அவருக்கு நஷ்டம்தான் வந்திருக்கிறது. ஆனால் அதெல்லாம் அவருக்கு ஞாபகம் நிற்பதில்லை.

"ஏட்டி முத்துராணி, அந்த வீட்ட உன் பேருக்கு எழுதி வைக்கப் போறேன்."

மனைவி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "காய்ச்சல் ஒண்ணும் இல்லியே. என்ன திடீர்னு?"

"பாசம்ட்டி!"

"வேற ஒண்ணும் இல்லேல்லா?"

"சத்தியமா இல்ல."

மறுவாரமே பத்திரம் பதிந்தாயிற்று. கேஸ் அவளுக்கு, கார்டு நமக்கு என்று குதூகலித்து அன்றைக்கு இரண்டு வடை கூடுதலாகத் தின்றார்.

புது ஓனர் உத்தரவு போட ஆரம்பித்தாள். "டேங்கு கழுவுங்க. பல்பு மாட்டுங்க." மாதம் பிறந்தால் டீச்செலவுக்கு என்று ஆயிரம் ரூபாய் கொடுத்து, ஒரு நோட்டில் கையெழுத்தும் வாங்கினாள். டீ குடிக்கக் கையெழுத்து எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

அப்புறம் ஒருநாள், "படியில பாசி பிடிச்சிருக்காம், தேச்சுட்டு வாங்க" என்றாள். முதலீட்டாளர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு போனார். பாதி தேய்ப்பதற்குள் வழுக்கி, மிச்சப் படிகளையெல்லாம் முதுகாலேயே எண்ணிக்கொண்டு கீழே வந்து சேர்ந்தார். வலது கால் எலும்பு முறிந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கால் வலியைவிட பில்தான் அதிகம் வலித்தது. "மீரான் சொன்னப்பவே பாலிசி போட்டுருக்கணும்ட்டி" என்று அழாத குறையாகச் சொன்னார்.

"பத்திரம் பதிஞ்ச அன்னைக்கே நான் போட்டுட்டேம்லா. 'ஓனர் மேலதான'ன்னு நீங்க திருப்பிக் கேட்டதையும் மீரான் அண்ணன் சொன்னாக."

பெருமாள்ராஜ் கண்களை இறுக மூடிக்கொண்டார். உண்மையாகவே வெட்கமாக இருந்தது. இருந்தாலும் மூடிய கண்ணோடே கேட்டார். "அப்ப எனக்குப் பணம் வருமா?"

கட்டிலருகே நின்ற மீரான் ஃபாரத்தைப் புரட்டினார். "ஓனர் வீட்டு ஆளு விழுந்தா வராது அண்ணாச்சி. குடியிருக்கவங்க விழுந்தா வரும். சம்பள ஆளு விழுந்தா, யாரா இருந்தாலும் வரும். முத்துராணி மயினி வெவரமா உங்கள சம்பள ஆளுன்னு முதல்லயே சேத்துட்டாக. மாசச் சம்பளம் ஆயிரம், நோட்டுல உங்க கையெழுத்தும் இருக்கு. வேலைங்கிற இடத்துல 'படி கழுவுறவர்'னு போட்டிருக்கு. சரிதான?"

பெருமாள்ராஜ் சட்டைப்பையில் இருந்த கார்டைப் பார்த்தார். பில்லைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

"கட்டுப் பிரிச்சதும் பைய வேலைக்கு வாங்க" என்றாள் முத்துராணி. "பாதிப் படி தேய்க்காம அப்படியே கெடக்கு."